அந்த மனுவைத் திரும்பப் பெறாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன் அம்மா படுத்த படுக்கையாக இல்லை. நீ கோர்ட்டில் கொடுத்த மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு அதிர்ச்சியில் விழுந்துவிட்டேன், நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றெல்லாம் உன் மாமா உனக்குப் போன் செய்திருக்கிறான். விழுந்தது உண்மை. ஆனால் அதிர்ச்சியில் அல்ல, முக்காலியிலிருந்து. பரணில் இருக்கும் தகரப் பெட்டியை எடுக்க ஏறினேன், முக்காலி ஆடியது, வலது முட்டி வீங்கிவிட்டது. எழுபது வயதில் முக்காலியில் ஏறியது என் முட்டாள்தனம், அதில் உன் பங்கு எதுவும் இல்லை. சோறு நன்றாகவே இறங்குகிறது. நேற்று மதியம் சுண்டவத்தல் குழம்பு வைத்து இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டேன். உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரமாக வீட்டுக்கு வராமல் இருப்பவன் நீதான்.

உன் மாமா என் கூடப்பிறந்த தம்பி, கெட்டவன் அல்ல. பயந்தவன். "யக்கா, அரசாங்க வக்கீலே கேஸை நடத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்தா ஊரு என்னக்கா சொல்லும்? அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கச் சொல்லுக்கா. நீ சொன்னா மாப்ள கேப்பாப்ல" என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். நான் மாட்டேன் என்றேன். வெளியே போய் நான் சொன்னதாக அவனே ஒன்றைச் சொல்லிவிட்டான். அதற்கு நீ, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மனுவைத் திரும்பப் பெற்றுவிடுகிறேன் என்று பதில் சொன்னதாகக் கேட்டேன். உன் மேலதிகாரி விளக்கம் கேட்டதற்குக்கூட நீ அசையவில்லையாம். என் முட்டிக்காக அசைந்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வதந்தி தெருவில் நடக்கும்போது பதில் உறைக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. நீ அறிந்த விஷயத்தையே படிப்பவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணை மாரீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம், நம் பக்கம் தெருவுக்கு நான்கு மாரீஸ்வரி இருப்பார்கள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் வேலை. அவள் கணவனும் அங்கேயே. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருந்த அறையில், சீசன் ஆர்டருக்காக ஒன்பது பேரை உட்கார வைத்திருந்த ஒரு நாள், அந்த அறை வெடித்தது. கணவன் போய்விட்டான். மாரீஸ்வரிக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இரண்டரை மாதம். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். கணவனை இழந்த பெண்ணுக்குக் கருக்கலைப்புச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் செய்துகொண்டிருந்தால் இந்த வழக்கே இல்லை. ஆனால் அவளால் போக முடியவில்லை. தாலி அறுத்தவள் முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்று மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபதாம் நாள் அவள் அக்கா தூக்குவாளியில் சோற்றுக்கு அடியில் மாத்திரையை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரத்தம் நிற்காமல் ஆட்டோவில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். மாமியார் போலீசுக்குப் போனாள். டாக்டர் இல்லாமல் தானே கலைத்துக்கொண்டதால் தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு அவள்மேல் பாய்ந்தது. கோப்பு உன் மேசைக்கு வந்தது. இந்த வழக்கை நடத்த அரசுத் தரப்பு விரும்பவில்லை, கைவிட அனுமதி வேண்டும் என்று நீ நான்கு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். நடந்தது இவ்வளவுதான்.

சட்டத்தை நடத்த வேண்டியவனே நடத்த மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் பிழை திருத்தியவள் நான். இந்தப் பிழையைப் பிடிப்பேன், இதை விட்டுவிடுவேன் என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டதில்லை. ஒரு வருஷம் தினசரி காலண்டரில் ஐப்பசி அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது. முதலாளி, "சீசன் போயிரும்மா, லாரி நிக்குது, கையெழுத்தப் போடுங்க, யாரு பாக்கப் போறா" என்றார். இத்தனை வீட்டுச் சுவரில் இது தொங்கும் ஐயா, அம்மா அப்பாவுக்குத் திதி கொடுக்கிறவன் பார்ப்பான் என்றேன். தாளைத் திருத்தும்வரை என் கையெழுத்து விழவில்லை. அன்றைக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு லோடு ஏற்றிய லாரியில் வந்து இறங்கினேன், நீ வாசலில் அழுதுகொண்டு நின்றாய், நினைவிருக்கும். அப்படிப்பட்டவள் இந்தக் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இது. நீ கோப்பை அலமாரியில் தூங்கப் போடவில்லை. சாட்சி வரவில்லை என்று வாய்தா வாங்கி இழுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, உன் மாமாவும் நிம்மதியாக இருந்திருப்பான், நான் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். வழக்கைக் கைவிடக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டமே உன் பதவிக்குக் கொடுத்திருக்கிறது. காரணத்தை எழுதி, பெயரைப் போட்டு, திறந்த கோர்ட்டில் வைத்தாய். ஒப்புக்கொள்வதும் தள்ளுவதும் நீதிபதியின் பொறுப்பு. அந்த அறைக்குள் ஒன்பது பேரை உட்கார வைத்தவர்களின் கோப்பு எந்த அலமாரியில் தூங்குகிறது என்று கேட்காத ஊர், உன்னைக் கேட்கிறது. கேட்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை மாரீஸ்வரியின் மாமியார் நம் வீட்டுக்கு வந்தாள். பேச்சியம்மாள் என்று சொல்கிறேன். அவள் பிறந்த ஊர் நம் மல்லாங்கிணறு, வாழ்க்கைப்பட்டதுதான் தாயில்பட்டிப் பக்கம். சின்ன வயதில் நம் மிளகாய்க் காட்டில் பழம் எடுக்க வந்தவள். இந்த வழக்கில் நமக்குத் தெரிந்தவள் என்றால் அவள்தான். மாரீஸ்வரியை நான் கண்ணால் பார்த்ததில்லை. இதையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும். பேச்சியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று, தெரு முழுவதும் கேட்கும்படி, "யம்மா, கான்வென்டம்மா! இருக்கீகளா, இல்ல ஊர்ல சொல்ற மாதிரி போய்ச் சேந்துட்டீகளா?" என்றாள். நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் குரல் உடைந்துவிட்டது. "ஒங்க மகன் ஒரு தாளு எழுதி எம்மகன ரெண்டாந் தடவ சாகடிச்சுட்டாரு. அவன் சட்டையத்தான் குடுத்தாக, அதுலயும் பாதி. மிச்சம் அவ வயித்துல இருந்துச்சு. அதையும் கலைச்சவள விட்ரணும்னு எழுதுறதுக்கா அம்புட்டுப் படிக்க வச்சீக?" என்றாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சட்டம் பேச என்னால் முடியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், உட்காரவில்லை. "அவள ஆஸ்பத்திரிக்காவது விட்டிருக்கலாமே பேச்சியம்மா. முறையாப் போயிருந்தா அவ உசிருக்கு ஆபத்து வந்துருக்காதுல்ல" என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்படி விடுவேன்? அவளும் இதத்தான் கேட்டா. வயித்த வலிக்கு, ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துர்றேன்னா. ஒங்களச் சொல்லித்தானே அவள உக்கார வச்சேன்! கான்வென்டுல படிச்ச அம்மா, இங்கிலீசு பேசுற அம்மா, அவுகளே கண் ஆபரேசனத் தள்ளி வச்சுட்டு முப்பது நாளு வாசப்படி தாண்டாம இருந்தாக, ஒனக்கென்னடி கொள்ளைன்னு கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம உக்காந்துட்டா."

தம்பி, முக்காலியிலிருந்து விழுந்தபோது வலித்ததைவிட அது வலித்தது. உன் அப்பா இறந்தபோது நீ எவ்வளவு சொன்னாய்? அம்மா, டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார், தள்ளிப்போடாதே, கண் கெட்டுவிடும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாய். யாருமே என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் உட்கார்ந்தேன். துக்கத்துக்காக அல்ல. துக்கத்துக்கு மூலையும் முப்பது நாளும் தேவையில்லை. கான்வென்ட்டில் படித்தவளுக்கு நம் முறை தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்கள் முன்னால், உங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகச் செய்துகாட்டுகிறேன் என்ற வீம்பு. காட்டினேன். ஊர் மெச்சியது. இடது கண்ணில் இன்றைக்கும் எழுத்து கலங்கித்தான் தெரிகிறது. அதன் விலையை நான் மட்டும் கொடுத்தேன் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். நான் பார்த்தே இராத ஒரு பெண் அதற்காகச் செத்துப் பிழைத்திருக்கிறாள் என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

"அது நான் செஞ்ச தப்பு, பேச்சியம்மா" என்றேன். "தப்புன்னா அன்னைக்கே சொல்லிருக்கணும்ல? இப்பச் சொன்னா யாருக்கு?" என்றாள். எவ்வளவு நேரான கேள்வி பார். நான் அடுத்ததாக, அவள் பேத்தி, அந்த நாலு வயசுப் பிள்ளை, யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். தன்னிடம்தான் என்றாள். "அதோட அம்மாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டா அது ராத்திரி யாரக் கேட்டு அழும்?" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு யாரு மேலயாவது கேஸு போடணும்மா. கம்பெனி மேல போட முடியுமா? போட்டா ஊருக்குள்ள இருக்கத்தான் முடியுமா? கைக்கு எட்டுனது அவதான்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். போகும்போது என் முட்டி எப்படி வீங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நல்லெண்ணெயக் காச்சித் தேய்ங்க. ஒத்தையில இருந்துக்கிட்டு முக்காலி ஏறுறீகளே, அறிவிருக்கா?" என்று திட்டிவிட்டுப் போனாள். அவள் என்னை மன்னிக்கவில்லை, உன்னையும் மன்னிக்கவில்லை. அதை நான் அவளிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தத் தகரப் பெட்டியை எடுக்க நான் முக்காலியில் ஏறியது எதற்கு என்று சொல்லவில்லை அல்லவா? உன் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தேடித்தான். கிடைத்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தைப் பார். மூன்று பருவத்துக்கும் உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. மூன்றும் நான் போட்டது. அப்பாவுக்குப் பேனா பிடித்தால் வேர்க்கும், அவரே என்னைப் போடச் சொல்லிவிடுவார். அந்தக் கையெழுத்தை ஒரே ஒரு முறை அவரிடம் கேட்காமல் போட்டிருக்கிறேன். அப்போது உனக்கு ஆறு வயது. அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்து மூன்றாவது மாதம். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம். ஏன் என்று நீயும் கேட்காதே, படிக்கிறவர்களும் கேட்க வேண்டாம். உடம்பில் குறையில்லை, வீட்டில் பட்டினியில்லை. வேண்டாம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், எது என்று சொல்ல மாட்டேன். நர்ஸ் தாளை நீட்டி, "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்மா. அவுக வரலையா?" என்றாள். "மல்லாங்கிணத்துல இருக்காக. களத்துல வத்தல் காயுது, வர முடியாது" என்றேன். "அப்பத் தாளக் கொண்டுபோய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆனது. மல்லாங்கிணறு போய்த் திரும்பி வர ஆகும் நேரம் முழுவதும், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொய் சொன்னாலும் அது நேரக் கணக்கில் சரியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறவள் நான். திரும்பிப் போனபோது நர்ஸ், "அதுக்குள்ள வந்துட்டீகளா?" என்றாள். "பஸ் ஒடனே கெடச்சது" என்றேன். ஒரு கள்ளக் கையெழுத்தைப் போட்டவள் என்ற குற்ற உணர்ச்சியோடு பல வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு நீ சட்டம் படிக்கப் போய், விடுமுறைக்கு வந்தபோது உன் புத்தகத்தைப் புரட்டினேன். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவன் கையெழுத்துத் தேவையே இல்லை என்று போட்டிருந்தது. சட்டம் கேட்காத ஒன்றை வழக்கம் கேட்டது, நானும் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். நீ என்னம்மா பார்க்கிறாய் என்றாய். அச்சுப் பிழை பார்க்கிறேன் என்றேன்.

அப்பாவிடம் ஆறு வருஷம் கழித்துச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "எங் கையெழுத்து எனக்கே அம்புட்டு அழகா வராதே" என்றார். பிறகு காட்டுக்குப் போய்விட்டார். பொழுது சாய்ந்து வந்து, கால் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லிருந்தா நானும் வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்துருப்பேன்ல." முப்பது நாள் மூலையில் உட்கார்ந்து நான் செய்த மரியாதை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

இப்போது கணக்குப் பார்த்தால், நான் செய்ததில் சரியானதை ஊரிடம் மறைத்திருக்கிறேன், தவறானதை ஊர் பார்க்கச் செய்திருக்கிறேன். பேச்சியம்மாளுக்கு உதாரணமாகக் கிடைத்தது அந்தத் தவறுதான். அவள் கேட்டாளே, இப்பச் சொன்னா யாருக்கு என்று. அடுத்த மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. அவள் மாமியார் இனிமேல் என் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால், அந்தக் கான்வென்டம்மா கருக்கலைக்கப் போனவள், அதையும் பத்திரிகையில் எழுதியவள் என்று அந்தப் பெண் திருப்பிச் சொல்லட்டும். என் மானத்தைப் பற்றி மாமா கவலைப்பட வேண்டாம். அதை நான் எழுபது வருஷம் பார்த்துக்கொண்டேன், மிச்சத்தையும் பார்த்துக்கொள்வேன்.

உன் மனுவை மாமா போனில் படம் பிடித்து வைத்திருந்தான். பெரிதாக்கி வலது கண்ணால் முழுதும் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் மாரீஸ்வரியைப் பரிதாபத்துக்குரியவள் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் அறியாமையால் செய்துவிட்டாள் என்கிறாய். இரண்டையும் நான் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அவள் அறியாமல் செய்யவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதும் எங்கே போக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்டாள், விடவில்லை. அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்றது ஒரு வாசல்படி. இரக்கப்பட்டு விட்டுவிடு என்று நீ கெஞ்ச வேண்டியதில்லை. சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்ய முடியாதபடி தடுத்துவிட்டு, தடுத்தவர்களே அவளைக் குற்றவாளி என்று கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல, அதனால் அரசு இதை நடத்தாது என்று நிமிர்ந்து சொல். வாதம் செய்யும் நாளிலாவது அப்படிச் சொல்.

திங்கட்கிழமை வழக்கு மறுபடி வருகிறது என்று கேள்விப்பட்டேன். உன்னை இடம் மாற்றலாம், இந்தக் கோப்பை உன்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்கலாம். எடுத்தால் எடுக்கட்டும். நீயாகத் திருப்பிக் கொடுக்காதே. என் உடம்பைக் காரணம் காட்டி ஒரு வரி எழுதினாய் என்றால், இந்த முட்டியோடு பஸ் ஏறி உன் கோர்ட்டுக்கு வந்து அது பொய் என்று சொல்வேன்.

அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். போன் செய்யாதே, மாமாவிடம் சொல்லி அனுப்பாதே. மனுவைத் திரும்பப் பெற மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு. உன் அப்பாவின் கையெழுத்து எனக்கு வரும். உன்னுடையது வராது. நீதான் போட வேண்டும்.

உன் அம்மா